காட்டுக்கோழி பாக்கி

அமெரிக்காவின் டகோட்டாவில், தன் வீட்டு வாசலில் மேசை போட்டுப் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்த லோர்னா, இறந்துபோன கணவரின் பழைய வேட்டைத் துப்பாக்கிக்குச் சொன்ன விலை ஐம்பது டாலர். ஆயிரத்துக்குக் குறையாது என்று வெளியூர்த் துப்பாக்கி வியாபாரி ஆரினுக்குத் தெரியும். ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"நாப்பதுக்குக் குடுங்கம்மா. வாத்து சுட, நரி விரட்டன்னு எல்லாத்துக்கும் வச்சுக்குவேன்."

"அடப்பாவி, இதுலயும் பேரமா! ஆயிரம் போகும்னு எனக்கும் தெரியும் தம்பி. கடைக்காரனுக்கு விக்காதே, வேட்டைக்குப் போறவனுக்குக் குடுன்னு சொல்லிட்டுத்தான் அவர் கண்ண மூடினார். நாப்பதுக்கே எடுத்துக்கோ. வேட்டை சீசன்ல எனக்கு ஒரு காட்டுக்கோழி கொண்டா."

உண்மையைச் சொல்ல ஆரின் வாயெடுத்தான். அதற்குள் அவள் தோட்டாப் பெட்டியையும் இலவசமாக அவன் கையில் வைத்துவிட்டாள்.

ஒரு குருவியைக்கூடச் சுட்டறியாதவன், வண்டியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான். கொடுத்தது நாற்பது டாலர். பாக்கி, ஒரு காட்டுக்கோழி.