ஓட வைத்த டீச்சர்

படபடவென்று வாசலில் சரவெடி வெடித்தது. பாகீரதி டீச்சரின் கையிலிருந்த டம்ளர் நழுவி, காபி முழுவதும் மேஜை மேல் கிடந்த பேப்பரில் கொட்டியது. தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. தேர்தல் இல்லை. கைலாசபுரம் தெருவில் யார் வீட்டிலும் கல்யாணமும் இல்லை.

"ஏன்னா, வாசல்ல யாருன்னு பாருங்கோ!"

கணவர் கோபாலசுப்பிரமணியன் கதவைத் திறந்தார். புகைக்குள்ளிருந்து முதலில் ஒரு சால்வை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் ஐயம்பெருமாள் வந்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் விசில் தொங்க, பி.டி. டீச்சர் ஞானசௌந்தரி. பாகீரதி முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளியிலிருந்து வந்திருந்தார்கள். அவள் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. இதுவரை அங்கிருந்து ஒரு பொங்கல் வாழ்த்துகூட வந்ததில்லை.

"டீச்சர், நம்ம சாலோமிக்குக் கெடச்சுட்டு!" என்றார் ஐயம்பெருமாள், மூச்சு வாங்க. "இந்த வருஷம் உலகத்துலயே சிறந்த வீராங்கனை அவதானாம். ஜெனீவாவுல விருது குடுக்காவ. எம்புட்டு நாட்டுப் பொம்பளப் பிள்ளைய போட்டியில இருந்துச்சு தெரியுமா? அத்தனை பேரையும் தாண்டி நம்ம உவரிக்காரப் பிள்ளை!"

"ரொம்ப சந்தோஷம். நல்ல பொண்ணு. அதுக்கு எங்காத்து வாசல்ல எதுக்கு வெடி?"

"பேப்பர் பாக்கலியா நீங்க?"

பேப்பர் காபியில் ஊறிக் கிடந்தது. ஞானசௌந்தரி அதைத் தூக்கி உதறி, ஓரிடத்தில் விரலை வைத்தாள். சாலோமியின் பேட்டி. 'உங்களை முதலில் ஓட வைத்தது யார்?' என்று கேட்டிருந்தார்கள். 'பாகீரதி டீச்சர்' என்று பதில் சொல்லியிருந்தாள். அதன்கீழே கட்டம் கட்டி, 'முதல் பயிற்சியாளர் ஒரு கணக்கு ஆசிரியை!' என்று பேப்பர்காரர்களே தலைப்புப் போட்டிருந்தார்கள்.

பாகீரதி அந்தக் கட்டத்தை இன்னொரு தரம் படித்தாள்.

"அந்த விருதுல ஒரு வழக்கம் உண்டு" என்று ஐயம்பெருமாள் ஒரு தாளை நீட்டினார். "ஜெயிக்கிற பிள்ளையோட முதல் கோச்சுக்கும் ஒரு மெடல். உங்க பேரு, கையெழுத்து, எப்படிப் பயிற்சி குடுத்தீங்கன்னு அரைப் பக்கம். இன்னைக்கே அனுப்பணும். சாயங்காலம் நாலு மணிக்கு சாலோமியே நேர்ல வந்து வாங்கிக்கிடுதேன்னுட்டா. ஸ்கூல் வாசல்ல பிளெக்ஸ் வச்சாச்சு. உங்க படம்தான் பெருசு!"

"கணக்கு டீச்சருக்கு ஓட்டத்துக்கு மெடல்" என்று ஞானசௌந்தரி சிரித்தாள். "நான் இருபத்தஞ்சு வருஷமா விசில் ஊதுதேன், எனக்கு ஒரு பட்டாணி கெடயாது. என் பீரியடையெல்லாம் போர்ஷன் முடியலன்னு கடன் வாங்கினீங்களே டீச்சர், அந்தப் புண்ணியம்தான் போல!"

எல்லோரும் சிரித்தார்கள். பாகீரதி சால்வையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபிறகு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எப்படிப் பயிற்சி கொடுத்தீர்கள்? எப்படிக் கொடுத்தாள் என்று அவளுக்குத்தானே தெரியும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு. ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. கடைசி பெஞ்சில் இரண்டு ஹாஸ்டல் பிள்ளைகள். ஒருத்தி உவரி சாலோமி. இன்னொருத்தியும் அந்தப் பக்கம்தான், பெயர் இப்போது வாயில் வரவில்லை. ஒரு கணக்குத் தப்பானால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்பது பாகீரதி வைத்த சட்டம். ஐந்து தப்பென்றால் ஐந்து சுற்று. அதுவும் கடன் வாங்கிய பி.டி. பீரியடில், மதியம் சாப்பாட்டுக்கு அடுத்த வெயிலில், காலில் செருப்பில்லாமல். செம்மண்ணும் சரளைக்கல்லும் கொதிக்கும். மற்றப் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் எப்படியோ திருந்திவிட்டார்கள். இந்த இருவர் மட்டும் தினமும் ஓடினார்கள்.

சாலோமியின் நோட்டுத்தான் பாகீரதிக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது. ஒவ்வொரு படியும் சரியாக வரும். கடைசி வரியில் விடை மட்டும் தப்பு. இருபத்து நான்கு என்று வர வேண்டிய இடத்தில் இருபத்தைந்து. 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதி எழுதிக் கை வலித்தது. அதிலும் இன்னொரு வேடிக்கை. பக்கத்துப் பெண்ணுக்கு ஏழு தப்பென்றால் சாலோமிக்கும் ஏழு. அவளுக்கு நாலு என்றால் இவளுக்கும் நாலு.

"காப்பியா அடிக்கறேள்? ரெண்டு பேரும் இன்னும் ரெண்டு சுற்று சேர்த்து ஓடுங்கோ!"

இரண்டு நோட்டிலும் தப்புகள் வேறு வேறு என்பதைக்கூட அன்று அவள் பார்க்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். அந்த ஒரு நாள்தான் அவளை விடவில்லை. வகுப்பு வாசலிலிருந்து வராந்தா கடைசி வரை சிவப்பாகப் பாதச் சுவடு. கண்ணாடிச் சில்லோ என்னவோ. சாலோமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் தாவணி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாகீரதி கரும்பலகையிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "ரத்தத்தைக் கழுவிட்டு உள்ள வா. தரையெல்லாம் பாழாறது."

காலைக் காட்டு என்று கேட்கவில்லை. மருந்து போட்டாயா என்றும் கேட்கவில்லை.

பிறகு மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று சாலோமி பெயர் பேப்பரில் வரும்போதெல்லாம் அந்தச் சுவடுதான் முதலில் ஞாபகம் வரும். ஆசியப் போட்டியில் அவள் வென்றபோது தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பாகீரதி மட்டும் அடுக்களைக்குள் போய், தேவையே இல்லாமல் வெண்டைக்காய் நறுக்கினாள்.

"என்ன, இன்னும் ஒரு வரிகூட எழுதலையா?" என்று கோபாலசுப்பிரமணியன் எட்டிப் பார்த்தார். "ஓட வச்சேன்னு எழுதேன். பொய்யில்லையே."

"பொய்யில்லாததுதான் கஷ்டமா இருக்கு" என்றாள் அவள்.

மணி நாலுக்குக் கார் வந்து நின்றது. சாலோமி இறங்கினாள். பேப்பரில் பார்ப்பதைவிட ஒல்லி. சாதாரணச் சுடிதார்தான். கூடவே அவள் வயதில் ஒரு பெண், நூல் புடவையும் கையில் ஒரு துணிப்பையுமாக இறங்கினாள். சாலோமி உள்ளே வந்தாள். மற்றவள் வாசற்படியோடு நின்றுவிட்டாள்.

"நல்லாருக்கீங்களா டீச்சர்?"

"வாம்மா. உட்காரு. அவளையும் உள்ள வரச் சொல்லேன்."

"என் கூட்டுக்காரி டீச்சர். திசையன்விளை மண்டியில காய் தரம் பிரிக்கா. இன்னைக்கு லீவு போடச் சொல்லி இழுத்துட்டு வந்தேன்."

"இருக்கட்டும் டீச்சர், இங்கன காத்தாத்தான் இருக்கு" என்றாள் படியில் நின்றவள்.

டீச்சர் என்கிறாளே என்று ஒரு கணம் தோன்றியது பாகீரதிக்கு. இந்தத் தெருவில் பூக்காரி முதற்கொண்டு அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். இரண்டு டம்ளர் காபி கலந்து கொண்டுவந்தாள். படியில் நின்றவள் தலையைக் குனிந்தபடியே வாங்கிக்கொண்டாள்.

சாலோமி காபியைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். "பாரத்தை நெரப்பிட்டீங்களா டீச்சர்?"

பாகீரதி தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பெயருக்கான இடம் காலி. கையெழுத்துக்கான இடமும் காலி. அரைப் பக்கத்தில் மட்டும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாள்.

"நீயே படிச்சுப் பாரு. நான் உனக்குப் பயிற்சி குடுக்கலைன்னு எழுதியிருக்கேன். செருப்பில்லாம வெயில்ல ஓட விரட்டினேன்னு எழுதியிருக்கேன். அன்னிக்கு வராந்தா முழுக்க உன் கால் ரத்தம். கழுவிட்டு வான்னு சொன்னேனே தவிர, திரும்பிக்கூடப் பாக்கலை. அதையும் எழுதியிருக்கேன். எனக்கு மெடல் வேண்டாம் சாலோமி. அதைத் தொட எனக்குக் கை கூசறது."

சாலோமி முழுவதையும் படித்தாள். நிதானமாக, ஒரு வரியை இரண்டு தரம்கூடப் படித்தாள்.

"பேப்பர்காரங்க ஓட வச்சது யாருன்னு கேட்டாவ டீச்சர். உள்ளதச் சொன்னேன். கோச்சுன்னு அவங்களா எழுதிக்கிட்டாவ. மறுத்துச் சொல்லிருக்கலாம், சொல்லல. இந்தப் பாரம் கைக்கு வந்தா நீங்க என்ன எழுதுவீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. அதான் நானே வாறேன்னு சொன்னேன்."

பாகீரதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "திட்டணும்னா திட்டிடும்மா."

"திட்ட வரல டீச்சர். ஆனா நீங்க எழுதினதுல ஒண்ணு தப்பா இருக்கு."

"எது?"

"அந்த ரத்தம் என்னோடதில்ல."

சாலோமி செருப்பில்லாத தன் இரண்டு பாதங்களையும் முன்னால் நீட்டினாள். உலகத்தின் அத்தனை ஓடுபாதைகளையும் மிதித்த கால்கள். ஒரு தழும்பு இல்லை. வாசற்படியில் நின்றவள் தன் வலது காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பாகீரதி அதைப் பார்த்துவிட்டாள். கடைசி பெஞ்சு. ஜன்னல் ஓரம். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கு வராமல் நின்றுபோன ஒரு பெண். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் நேர்கோடாக அடித்தது தன் கைதான். ஏன் நின்றாள் என்று ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. பதினைந்து வருஷத்தில் ஒருநாளாவது நினைத்ததுண்டா? வருத்தப்பட்டதெல்லாம் பேப்பரில் பெயர் வந்தவளுக்காக மட்டும்தான்.

தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை எடுத்தாள்.

"அப்போ... இந்த இடத்துல யார் பேரை எழுதட்டும்?"

சாலோமி வாசலைப் பார்த்தாள். படியில் நின்றவள் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மாரித்தாய்னு எழுதுங்க டீச்சர். எனக்குக் கணக்கு நல்லா வரும், அவளுக்குத்தான் வராது. அந்த வெயில்ல அவ ஒத்தையில ஓடுதாளேன்னுதான், நானும் தெனமும் கடைசி வரியைத் தப்பாப் போட்டேன்."