பந்து அவனுக்கு

டேவியன் ப்ரூவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயது இருபத்திரண்டு. கல்லூரியிலிருந்து நேரே எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வந்தவன். ஓரத்தில் நின்று, ஓடி, தூக்கி எறியும் பந்தைப் பிடிப்பதுதான் அவன் வேலை. பதினோரு வருடமாக அது என் வேலை.

வெளியூர் ஆட்டத்துக்கு விமானம் ஏறும்முன் புதியவர்கள் மூத்தவர்களுக்கு வறுத்த கோழி வாங்கி வர வேண்டும். மற்றப் பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள். இவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"கார்னெல் அண்ணே, உங்களுக்குத் தொடை மட்டும், காரம் தூக்கலா. மத்தவங்ககிட்ட கேட்டு வச்சுக்கிட்டேன்."

திமிர் பிடித்தவனாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான் பாவி. கோழி வேறு நன்றாக இருந்தது.

அது சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டம். மறுநாள் ஆள்குறைப்பு. பந்து பிடிப்பவர்களில் ஐந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். நான்கு பேர் முடிவாகிவிட்டது. ஐந்தாவது அவனா நானா என்பதுதான் பேச்சு. எனக்கு வேறு தொழில் தெரியாது.

இரண்டாம் பாதியில் பந்து அவனுக்கு என்று ஆட்டம் வகுத்தார்கள். எதிராளியைத் தடுத்து அவனுக்கு வழி விடுவது என் பாடு. எரிகிற வீட்டில் நானே எண்ணெய் ஊற்றுவதா? எதிராளியின் தோளை லேசாக உரசிவிட்டு விலகிவிடுவது என்று முடிவு செய்தேன். கால் வழுக்கியது என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

என் எதிரே நின்றவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன பெருசு, முட்டிக்கு எண்ணெய் போட்டுட்டு வந்தியா? சின்னப் பையனுக்கு எடுபிடியா சேர்ந்துட்டியாமே?"

பெருசா? நானா? அவன் மார்பில் இரண்டு கைகளையும் கொடுத்து நெட்டித் தள்ளிக்கொண்டே போய் மல்லாக்கப் போட்டேன். "இப்ப சொல்றா!" என்று அவன் மேல் நின்று கத்தினேன். அரங்கம் அதிர்ந்தது. எனக்குத்தான் என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், நான் திறந்துவிட்ட இடம் வழியாக ஓடி டேவியன் கடைசிக் கோட்டைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தான். என் கோபமே எனக்குக் குழி வெட்டிவிட்டது.

மறுநாள் காலை அலுவலக ஆள் என் தோளைத் தட்டினான். "கோச் கூப்பிடறாரு." ஆட்டமுறைகள் இருக்கும் டேப்லெட்டையும் எடுத்து வா என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்ல மறந்தானோ என்னவோ என்று நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கோச் ஹார்கின்ஸ் திரையில் அந்த ஆட்டத்தை ஓடவிட்டார். "பாரு."

"பையன் நல்லா ஓடறான்." கடனே என்று சொல்லி வைத்தேன்.

"அவனை எவன் பாக்கச் சொன்னான்? உன்னைப் பாரு. இன்னொருத்தனுக்காக இப்படி உயிரைக் கொடுத்துத் தள்ளுறவனை நான் பாத்ததில்ல, கார்னெல். ஆறு பேரா வச்சுக்கப் போறேன். நீ இருக்கே. அவன் பந்தோட ஓடுவான், நீ முன்னாடி போய் வழி பண்ணு."

"எனக்குப் பந்து?"

"எப்பவாவது."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் பந்துக்காக ஓடியவனுக்கு அந்த ரோஷம்கூட வேண்டாமா? "சரி கோச்" என்றுதான் வாயில் வந்தது.

கதவுக்கு வெளியே டேவியன் காத்திருந்தான். விஷயம் முன்பே தெரியும் போல. கட்டிப்பிடித்தான்.

"அண்ணே! இனிமே எனக்கு முன்னாடி நீங்கதான்!"

அவன் கையை விலக்கினேன்.

"பந்தோட வரும்போது உள்பக்கம் திரும்புவியா, வெளிப்பக்கமா? முன்னாடியே சொல்லித் தொலை."