முன்னால் நின்ற மேய்ப்பர்

பூவம்மாள் வந்தவரின் செருப்பைத்தான் முதலில் பார்த்தாள். புத்தம் புதுசு. ஓரிக்கைப் பாலாற்று மணலில், ஆட்டு மந்தைக்கு நடுவில் புதுச் செருப்போடு நிற்கிறவர் ஒன்று ஆடு பிடிக்க வந்திருப்பார், இல்லையென்றால் ஓட்டு கேட்க வந்திருப்பார். தர்மன் தன்னை இரண்டாவது ரகம் என்றார். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கிறவர். 2001 உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர்.

"அரை மணி நேரம் மந்தைய குடும்மா. ஒரு போட்டோ எடுத்துக்கினு போயிடறேன்."

கூட வந்த போட்டோக்காரர் கோதண்டபாணி விளக்கினார். போன வாரக் கூட்டத்தில் ஒரு புலவர் தர்மன் அண்ணனுக்கு 'மக்களின் மேய்ப்பர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார். மேய்ப்பர் என்றால் காப்பவர், வழி காட்டுபவர், மந்தைக்காக உயிரையே கொடுப்பவர் என்று முக்கால் மணி நேரம் பொருள் சொன்னார். போஸ்டருக்கு இனி ஆடு மட்டும்தான் பாக்கி.

பூவம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. "எம் புள்ளைய வாத்தியாரு, 'நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு'ன்னு திட்னாரு. அதுக்கு எப்பலேர்ந்துபா மாலை போட ஆரம்பிச்சீங்க?"

"அது வேற மேய்க்கிறதும்மா. இது தலைமை" என்றார் தர்மன். அவள் கோலை வாங்கித் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு மந்தைக்கு முன்னால் போய் நின்றார்.

"இன்னா தலைவரே, முன்னாடி போய் நிக்கிறீங்க? மேய்க்கிறவன் பின்னாடிதான் வருவான். நொண்டறது எது, முள்ளுல மாட்டிக்கினது எதுன்னு பின்னாடி வந்தாத்தானே தெரியும்?"

"பின்னாடி நின்னா மூஞ்சி தெரியாதேம்மா" என்றார் கோதண்டபாணி, நியாயமாக.

ஆடுகள் அசையவில்லை. தர்மன் கண்ணைக் காட்டினார். கோதண்டபாணி கேமரா பையிலிருந்து ஒரு கட்டு அகத்திக்கீரையை எடுத்துக் கொடுத்தார்.

தழையைக் காட்டிக்கொண்டு ஆட்டுக்கு முன்னால் நடக்கிறவன் என்று பூவம்மாள் பார்த்ததெல்லாம் கறிக்கடைக்காரனைத்தான்.

தழைக்குப் பின்னால் மந்தை நகர்ந்தது. மேய்ப்பர் புன்னகை மாறாமல் நடந்தார். சாலை மேட்டில் ஒரு டெம்போ பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"அண்ணே, சாயங்காலம் பிரியாணிக்கு எட்டு போதுமா, பத்தா ஏத்திடட்டா?"

தர்மன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மந்தைக்கு உசுரக் குடுக்கிறவருன்னீங்க" என்றாள் பூவம்மாள். "யாரு உசுருன்னு புலவரு சொல்லலியா?"

நாக்கை மடித்து ஒரு குரல் கொடுத்தாள். மொத்த மந்தையும் சட்டென்று திரும்பி அவளிடம் ஓடி வந்தது. கடைசி நேரத்தில் தடுக்கப் பார்த்த மேய்ப்பர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"படம் வந்துச்சாபா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஆடுங்க நல்லா வந்துருக்குதுண்ணே."

பூவம்மாள் கோலைப் பொறுக்கிக்கொண்டு, மந்தைக்குப் பின்னாலேயே வீடு வரைக்கும் நடந்தாள். பட்டியில் அடைத்து எண்ணினாள். சரியாக இருந்தது. கறிக்கடைக்காரன் வந்துவிட்டுப் போயிருந்தால் அதோடு விட்டிருப்பாள். படலைக் கட்டுவதற்கு முன் இன்னொரு தரம் எண்ணினாள்.