வெளிப்பூட்டு

வீட்டுக்குள் குடியிருந்துகொண்டே வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போடலாம் என்ற மகா யோசனை சட்டப்புலியுடையது. மனுஷன் வக்கீல் ஒன்றும் இல்லை. பெயிண்ட் கடை வைத்திருப்பவர், இந்த வீட்டு டிரைவரின் பெண்டாட்டி பல்செட்டுக்காரிக்கு நாத்தனார் புருஷன். எப்போதோ யாருக்கோ சாட்சி சொல்லக் கோர்ட்டுப் படி ஏறினார். அன்றைக்கு வராந்தாவில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை குடும்பத்துக்கே சட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தானே மச்சான் செல்லும்? வாங்காதே! வீட்டுல ஆளே இல்லேன்னா பேங்க்காரன் யார் கையில குடுப்பான்? சட்டத்துல இடம் இருக்கு" என்று தொடையைத் தட்டினார்.

சொந்த லாரி படுத்துவிட்டதில் வீட்டுக்கடன் தவணை நின்றுபோய், ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த டிரைவருக்கு இந்தப் பேச்சு தேன் மாதிரி இருந்தது. பயந்தவனுக்கு ஒளிந்துகொள்ளச் சொல்கிறவன்தான் நல்லவனாகத் தெரிவான். மறுநாளே வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. சாவி டிரைவரின் இடுப்பில். போக்குவரத்தெல்லாம் பின்சந்துக் கதவு வழியாக. எதிர்வீட்டுக்காரரிடம் "காலி பண்ணிட்டோம் சார், சாமான் மட்டும் கொஞ்சம் கிடக்கு" என்று ஒரு பொய். குக்கர் விசில் அடித்துக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அதையும் பரணில் ஏற்றியாயிற்று. சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் நுனிக்காலில் நடந்தார்கள்.

டிரைவர் வேறொருவர் லாரிக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தான். போனால் வர நாலைந்து நாளாகும். பல்செட்டுக்காரி செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூட விடுமுறை வேறு. மகள் குட்டி பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளை. மணியடித்தால் வம்பு என்று கைபேசிகூடக் கொடுக்கவில்லை.

"யார் தட்டினாலும் மூச்சு விடக்கூடாது. அம்மாவுக்கு அடிபட்டுடுச்சு, ஆஸ்பத்திரிக்கு வான்னு சொல்வாங்க, நம்பாதே. நான் பின்னாடி ஜன்னலைச் சுரண்டினா மட்டும்தான் திறக்கணும்" என்று அம்மாக்காரி தினமும் கிளம்பும்போது பாடம் நடத்தினாள். பயம் யாரை விட்டது? ஒருநாள் இன்னொன்றும் சேர்த்தாள். "வாசல்ல நானே நின்னு கூப்பிட்டாலும் பேசாதே கண்ணு. அவங்க என்னைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுக் கூப்பிட வைக்கலாம்." இது சட்டப்புலி சொன்னதில்லை. அவளாகச் சொன்னது. குட்டி கண் விரியத் தலையாட்டினாள்.

அப்படிப் பயந்து பயந்து இருந்த பல்செட்டுக்காரி, ஒருநாள் மெழுகில் பல் பதிக்கும்போது இடப்பக்கத்துக் கோரைப்பல்லை வலப்பக்கத்தில் வைத்துவிட்டாள். லேப்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு அந்தப் பெரியவர் சிரிச்சா பேரப்பிள்ளைங்க ஓடிரும். என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றார்.

அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள். "பெயிண்ட் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வீட்டைப் பூட்டினீங்களா? போ, கோர்ட்டுக்குப் பக்கத்துல இலவசமா யோசனை சொல்றாங்க. இப்பவே போ" என்று விரட்டாத குறையாக அனுப்பினார்.

சட்ட உதவி அறையில் ஒரு பெண் வக்கீல் இருந்தாள். மேசை முழுக்கக் காகிதம், நடுவில் ஆறிப்போன டீ. பல்செட்டுக்காரி லாரி படுத்த கதையிலிருந்து ஆரம்பித்தாள்.

"நோட்டீஸைக் கையில வாங்கலேன்னா அது செல்லாதுதானே மேடம்?"

"யாரு சொன்னது? வாங்க மறுத்தாலும், கதவுல ஒட்டிட்டுப் போனாலும், வாங்கின மாதிரிதான் கணக்கு. நீங்க ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு நாளும் பதில் சொல்றதுக்கு உங்களுக்கு இருந்த நாள்."

"அப்ப வீடு போயிடுச்சா?"

"இன்னும் போகலே, பதறாதீங்க. உள்ள குடும்பம் குடியிருந்தா அவங்க இஷ்டத்துக்கு வந்து பூட்ட முடியாது. கோர்ட்டைக் கேக்கணும். கோர்ட்டு உங்களையும் கூப்பிட்டுக் கேக்கும். லாரி போன கதையச் சொல்லி, பிரிச்சுக் கட்டறோம்னு அங்க கேக்கலாம். சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. ஆனா கேக்க இடம் இருக்கு." வக்கீல் டீயை எடுத்து, ஆறியிருந்ததால் வைத்துவிட்டாள். "காலி வீடுன்னா இந்தத் தொல்லையே அவங்களுக்கு இல்லே. வருவாங்க, சீல் வெப்பாங்க, போவாங்க. நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

"இருக்கோம் மேடம். ஆனா வெளியில பூட்டுத் தொங்குது."

வக்கீல் பேனாவைக் கீழே போட்டாள். "அடக் கடவுளே! ஓடுங்க. முதல்ல பூட்டை எடுங்க. ஜன்னலைத் திறங்க, துணி காயப்போடுங்க. ஆள் இருக்குன்னு தெருவுக்கே தெரியட்டும்."

பஸ் ஊர்ந்தது. டிரைவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சட்டப்புலிக்குப் போட்டாள். "ஒண்ணும் ஆகாதும்மா, சட்டத்துல..." என்று ஆரம்பித்தார். "உங்க சட்டத்தைத் தூக்கி உடைப்புல போடுங்கண்ணா!" என்று கத்தித் துண்டித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவளில்லை. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தெருமுனை திரும்பினாள். வீட்டு வாசலில் வண்டி நின்றது. பேங்க் அதிகாரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒருவன் படியில் குந்தி, மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி உருக்கிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். பின்சந்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. பின்கதவுக்கும் சங்கிலி அடிக்கிறார்கள்! அந்தச் சத்தத்தில் ஜன்னலைச் சுரண்டினாலும் உள்ளே கேட்காது.

"நிறுத்துங்க! உள்ள என் பொண்ணு இருக்கா!"

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

"இந்த வீட்டுக்காரி."

"வீட்டுக்காரின்னா சாவி எங்கே?"

"அது... அவரு இடுப்புல. வெளியூர் போயிருக்காரு."

"பொண்ணை உள்ள வெச்சு வெளியில பூட்டிட்டு, சாவியையும் வெளியூருக்கு அனுப்பிட்டீங்களாக்கும்!" அவருக்கு அலுப்பாக இருந்தது. "போற வீட்டுலல்லாம் இதத்தாம்மா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் அப்பா உள்ள படுக்கையில கிடக்காருன்னு அழுதாரு. திறந்தா பூனைகூட இல்லே. இப்பவும் நாங்க அரைமணி நேரமாத் தட்டிக் கூப்பிட்டாச்சு. உங்க எதிர்வீட்டுக்காரரே காலின்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

ஆமாம், அவள்தான் சொன்னாள். அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தார். கெட்டவரில்லை, பாவம். "சரி, கூப்பிடுங்க. குரல் வந்தா நான் சீல் வைக்கலே. வரலேன்னா என் வேலையைப் பாக்க விடுங்க" என்றார்.

அவள் கதவில் போய் விழுந்தாள். "குட்டி! அம்மாடா! பேசு கண்ணு!"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"நெஜமா அம்மாதான்டா! யாரும் என்னைப் பிடிச்சு வெக்கலே!" அதைச் சொல்லும்போதே தெரிந்தது, பிடித்து வைத்திருக்கிறவன் சொல்லச் சொல்வதும் அதையேதான். நல்லாப் பாடம் நடத்தினேன் பாவி! உள்ளங்கை எரிய எரியக் கதவை அறைந்தாள். பிள்ளை பீரோவுக்குள் போய் ஒளிந்திருப்பாளோ, மூச்சு முட்டி மயங்கிக் கிடப்பாளோ! அரக்குக்காரன் எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு பூட்டுப் பக்கம் வந்தான். ஒரு சொட்டு பூட்டின் மேல் விழுந்தது.

"விடுங்க! உள்ள வெச்சு மூடாதீங்க!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வார்த்தையெல்லாம் தீர்ந்துபோயிற்று. பிறகு வெறும் அலறல்தான். அடிபட்ட மாடு மாதிரி அலறினாள்.

அப்போதுதான் கதவுக்கு அந்தப்புறம், கீழே, தரையோரத்திலிருந்து, அழுகையில் உடைந்த ஒரு சின்னக் குரல் கத்தியது.

"அம்மாவை விட்டுடுங்க! வீட்டுல யாரும் இல்லே!"

அரக்குக்காரன் கை அப்படியே நின்றது. எதிர்வீட்டுக்காரர் "ஐயையோ" என்றார். அதிகாரி ஃபைலைத் திறந்து, காலி என்று எழுதியிருந்த இடத்தை நீளமாகக் கோடு போட்டு அடித்தார். பின்சந்துக்குக் குரல் கொடுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார். பிறகு இன்னொரு காகிதத்தை நீட்டினார். "ஆள் இருக்குன்னு எழுதிட்டேன். இனி கோர்ட்டு வழியாத்தான் வருவோம். வருவோம்மா, அதுல சந்தேகம் வேணாம். இந்த நோட்டீஸையாவது வாங்கிக்கறீங்களா?"

பல்செட்டுக்காரி வாங்கினாள். கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

பின்பக்கம் ஓடினாள். ஜன்னலைச் சுரண்டினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. கதவோடு வாய் வைத்து, "திறடா கண்ணு, அவங்க போயிட்டாங்க" என்றாள்.

"நான் பேசிட்டேன்மா" என்று உள்ளே விசும்பல் கேட்டது. "பேசக்கூடாதுன்னு சொன்னியே, பேசிட்டேன். என்னாலதானே இப்ப நம்ம வீடு போயிடும்?"

"ஐயோ, இல்லடா தங்கம்! நீ பேசினதாலதான் இன்னிக்கு வீடு இருக்கு."

"அப்ப நாளைக்கு?"

அவளுக்கு இத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் போதும் என்று இருந்தது.

"தெரியலேடா" என்றாள். "அம்மாவுக்கும் பயமாத்தான் இருக்கு. கதவைத் திற."