விழுங்கும் சத்தம்

டிஹானாவின் மகன் பிறந்தபோது இருந்த எடைக்குக்கூட இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் ஏறாவிட்டால் புட்டிப்பால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜாகோவோ நகர நூலகத்தில் பாலூட்டும் தாய்மார்கள் கூடுவார்கள், வா என்று தோழி வெத்ரானா கூப்பிட்டிருந்தாள். டிஹானா போகவில்லை. கொழுகொழு பிள்ளைகளுக்கு நடுவே இந்த எலும்பையும் தோலையும் எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

பிள்ளையின் அழுகை முனகலாகத் தேய்ந்தது. மாமியார் ஷ்டெஃபிட்சா புட்டியில் பால்மாவைக் கரைக்கத் தொடங்கினாள்.

"உன் பாலு வெறும் தண்ணிடி. வீம்பு புடிச்சுப் புள்ளையக் காயப்போடுற!"

"கொஞ்சம் பொறுங்க அத்தை."

"இன்னும் பொறுக்கணுமா? கண்ணு சொருகுது பாரு!"

சொருகுவதுபோலத்தான் இருந்தது.

அழைப்புமணி அடித்தது. மாரில் தன் குழந்தையைக் கட்டியபடி வெத்ரானா. பின்னால், இரண்டு கையிலும் தன் இரட்டைப் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு அதே குழுவின் ஜூர்ஜிட்சா.

"நீ வரல, அதான் கூட்டத்தையே இங்க கொண்டாந்துட்டோம்" என்று மூச்சிரைத்தாள் ஜூர்ஜிட்சா.

மாமியார் புட்டியோடு வழிமறித்தாள். "இவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"புட்டியப் புடுங்க வரலம்மா. தேவைன்னா அதையும் கொடுக்கலாம்" என்றாள் வெத்ரானா. "மொதல்ல மார்ல போட்டுப் பாப்போம்."

"நீங்க இவனைப் புடிங்க, என் கை கழண்டுரும்" என்று ஜூர்ஜிட்சா ஒருவனை நீட்டினாள். அவனை வாங்க ஷ்டெஃபிட்சா புட்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

டிஹானா பிள்ளையை மாரில் வைத்ததும் பல்லைக் கடித்தாள்.

"வலிக்குதா?" என்றாள் வெத்ரானா.

"உசுரு போகுதுக்கா. தாங்க முடியாம பாதியிலேயே எடுத்துடறேன்." இதுவரை கணவனிடம்கூட அவள் சொல்லாதது. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ரத்தமே வந்துச்சு. காம்பை மட்டும் கவ்வினா அப்படித்தான். அவன் வயிறு உன் வயித்தோட ஒட்டட்டும். வாயைப் பெருசாத் திறக்கட்டும்... இப்ப!"

இரண்டு தடவை நழுவினான். மூன்றாவது தடவை கவ்வினான். க்ளக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"முழுங்குறான்" என்றாள் ஷ்டெஃபிட்சா, இரட்டையனை இறுக்கிக்கொண்டே.

அதன்பின் தினமும் இருவரில் ஒருத்தி வந்துபோனாள். சாயங்காலம் மட்டும் ஒரு புட்டி கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எடை ஏறியிருந்தது, கொஞ்சம்தான். "இப்படியே கொடுங்க, அடுத்த வாரம் பாப்போம்" என்றார் டாக்டர்.

வீடு திரும்பும் வழியெல்லாம், முன்னைவிடக் கனக்கிறானா என்று டிஹானா அவனைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.