அய்யம்மாள் என்ற பேருக்குச் சோறு

ஜெயமங்கலத்து வயலில் பிச்சையம்மாள் களை பறித்துக்கொண்டிருந்தபோது ராக்கப்பன் வரப்பில் வந்து நின்றான். ரங்கூனில் சோணையம்மாள் என்கிற அரிசி ஆலைக்கார அம்மாளிடம் வேலை பார்ப்பவன்; விடுப்பில் அன்றுதான் ஊர் வந்திருந்தான். கையில் ஒரு துணிப்பொட்டலம்.

"அக்கா, எங்க முதலாளியம்மா ஒம்மகளுக்குப் பட்டுப் பாவாடை குடுத்து விட்டிருக்காக. போன மாசங்கூட அவ கடுதாசி வந்துச்சு. வகுப்புல மொத ஆளா வந்திருக்கேன்னு எழுதியிருந்தா."

பிச்சையம்மாள் நிமிர்ந்தாள். "யாரு எழுதுனது?"

"ஒம்மக அய்யம்மாதான்."

அய்யம்மாள் குளிர்காய்ச்சலில் செத்து இரண்டு வருசம் ஆகியிருந்தது.

சோணையம்மாளுக்கும் அய்யம்மாள் என்று ஒரு மகள் இருந்தாள்; சின்ன வயசிலேயே தவறிப்போனாள். அதே பேருள்ள ஓர் ஏழைப் பிள்ளையைப் படிக்கவைக்கிறேன் என்று சோணையம்மாள் விடுதிக்கு எழுதியிருந்தாள். அதை வைத்துக்கொண்டுதான் மூன்றரை வருசத்துக்கு முன்னால் தேவதானப்பட்டி தர்ம விடுதியை நடத்தும் சுயம்புலிங்கம் பிச்சையம்மாளின் குடிசையைத் தேடி வந்தார். தெருவில் எத்தனையோ பிள்ளைகள் பசித்துக் கிடந்தன. பேர் பொருந்தியது இவளுக்குத்தான். டீச்சராகத்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளையை ஒன்றரை வருசத்தில் பிணமாக மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

காலில் சேறு காயவில்லை. அப்படியே தேவதானப்பட்டிக்கு நடந்தாள் பிச்சையம்மாள்.

சுயம்புலிங்கம் மறுக்கவில்லை. "செத்துட்டான்னு எழுதினா அந்தம்மா உதவி நின்னுரும். வேற பிள்ளையை அந்தப் பேர்ல சேத்தேன். ஒரு உசுரு சாப்பிடுது, படிக்குது. இதுல என்னம்மா தப்பு?"

"செத்தவளைக் கடுதாசியில இன்னமும் கும்பிடு போட வச்சுக்கிட்டிருக்கீகளே அய்யா."

அவர் உள்ளே திரும்பி, "அய்யம்மா" என்று கூப்பிட்டார். அந்தப் பேருக்கு ஒரு பிள்ளை ஓடி வந்தது. பன்னிரண்டு வயசிருக்கும். பிச்சையம்மாளுக்கு அந்தப் பிள்ளையை அறைந்துவிடக்கூடக் கை எழுந்தது.

"ஒம் பேரு என்ன?"

"அய்யம்மாள்."

"பெத்தவ வச்ச பேரு?"

பிள்ளை சுயம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்தது. "மாயக்காள்" என்றது மெதுவாக. பிறகு மூச்சு விடாமல் பேசியது. "ஆத்தா, யார்கிட்டயும் சொல்லிராதீக. இன்னும் ரெண்டு வருசந்தான். எட்டாப்பு முடிச்சா டீச்சர் படிப்புக்கு அனுப்புவாக. அதுவரைக்கும் இந்தப் பேர்லயே இருந்துக்கிறேன்."

பிச்சையம்மாள் சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "எம்மக பேரைக் குடுத்தீக. அவ ஆசையையுமா எடுத்துக் குடுத்தீக?"

ஊர் திரும்பியதும் பாவாடையைத் திருப்பிக் கொடுத்து, ராக்கப்பனிடம் அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: "எம்மக செத்துட்டா. அந்த எடத்துல மாயக்காள்னு ஒரு பிள்ளை படிக்குது. பேரை மட்டும் மாத்தச் சொல்லு. சோத்தை நிறுத்த வேணாம்னு சொல்லு." தானும் மகளைப் பறிகொடுத்த சோணையம்மாளுக்கு இது புரியாமல் போகாது என்று நம்பினாள்.

மூன்றாம் மாசம் சோணையம்மாளிடமிருந்து விடுதிக்குப் பதில் வந்தது. என் மகள் பேரில் செய்த தர்மம் இது, வேறு பேருக்குச் செய்ய மனம் ஒப்பவில்லை என்று இரண்டே வரி. அன்றே மாயக்காளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வீரபாண்டிப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குப் போகாமல், அவள் விசாரித்துக்கொண்டு ஜெயமங்கலத்து வயலுக்கு வந்தாள். அழவில்லை. முகம் சிவந்து போயிருந்தது.

"ஒங்க மகளுக்காகப் பேசுனீக. எனக்காக யாரு பேசுனா? பேருதான ஆத்தா, நான் வச்சிருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோகும்?"

தான் செய்தது சரிதான் என்று பிச்சையம்மாளுக்கு இப்போதும் தோன்றியது. அதற்கான தண்டனை இந்தப் பிள்ளைக்குப் போனதுதான் பொறுக்கவில்லை. மாயக்காளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தேவதானப்பட்டியில் அன்று சந்தை. விடுதி வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொன்னாள். "எம்மக செத்த பின்னாடியும் ரெண்டு வருசம் அவ பேரைச் சொல்லி வாங்கித் தின்னிருக்காக. இப்ப பேரு ஒத்துவரலன்னு இந்தப் பிள்ளையைத் தெருவுல விட்டுட்டாக. தூக்கிவிடுறேன்னு தூக்கி, பாதியில கையை விடுறதுக்கு எதுக்குத் தூக்கணும்?"

உச்சி வெயிலில் கூட்டம் கூடிவிட்டது. விடுதிக்குத் தலைவரான பஞ்சு வியாபாரி சண்முகராஜ் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். அவருக்குப் பிள்ளையைவிட ஊர்வாய்தான் பெரிதாக இருந்தது.

"சரிம்மா, பிள்ளை இங்கனயே இருக்கட்டும். சமையலுக்கு ஒத்தாசை செஞ்சுக்கிட்டுப் படிக்கட்டும்."

"எந்தப் பேர்ல?"

"பிள்ளையோட சொந்தப் பேர்லயே."

சேர்க்கைப் புத்தகத்தை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள் பிச்சையம்மாள். எழுதியதை மாயக்காளையே படித்துக் காட்டச் சொன்னாள். பிள்ளை தன் பேரைச் சத்தமாகப் படித்துவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கோபம் ஆறவில்லை என்று பிச்சையம்மாளுக்குத் தெரிந்தது. ஆறாமல் இருப்பதே நல்லது, நாளைக்குத் தனக்காகப் பேச அது உதவும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் களை பறிக்கும்போது, பக்கத்துப் பாத்தியில் இருந்த மொக்கம்மாள் கேட்டாள். "பிள்ளையைச் சேத்துக்கிட்டாகளாமே?"

"அடுப்படிக்குச் சேத்திருக்காக. வகுப்புக்குச் சேத்தாகளான்னு அடுத்த சந்தைக்குப் போய்ப் பாக்கணும். இல்லைன்னா மறுபடி வாசல்ல நிப்பேன்."