வடக்குப்பட்டில் ஜூன் பன்னிரண்டு

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த மேரிவிக், முன்னறைச் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். காலையில் அவள் மாட்டிய பிலிப்பைன்ஸ் நாட்டுக் கொடி அங்கே இல்லை. ஆணிகள் மட்டும் இருந்தன.

"பரசு!"

வழக்கமாகக் கணவனை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாள். மாமியார் சுந்தராம்பாள் பழக்கிவிட்டது. பெயர் வந்துவிட்டால் வீட்டில் ஏதோ வெடிக்கப் போகிறது என்று பரசுராமனுக்குத் தெரியும். நல்ல சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தான்.

"கத்தாத மேரி. மடிச்சு பீரோல வெச்சுக்கீறேன். அவங்க சாப்ட்டுப் போனதும் நானே மாட்டிடறேன்."

"யாரு எறக்கச் சொன்னது?"

"எச்.ஆர். புருஷோத்தமன் சார். நீ ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டுக்கினியே, அதப் பாத்துட்டு போன் பண்ணாரு. சைனா கெஸ்ட்ட அவர்தான் கூட்டினு வராரு. அந்த எடத்துல இது வேணாமாம்."

"ஃபேக்டரில வேணாம்னா சரி. என் வூட்டுக்குள்ள அவருக்கு இன்னா வேல?"

பரசுராமன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் நினைத்தது வேறு. ஒரகடம் தொழிற்சாலையில் புது எந்திரம் நிறுவ வந்திருந்த சீனப் பொறியாளர் லின், பல வாரமாகக் கேண்டீன் சாம்பாரைப் பார்த்துப் பார்த்து இளைத்துப் போயிருந்தார். தன் மனைவி பிலிப்பைன்ஸ்காரி; அவள் செய்யும் பான்சிட்டும் நூடுல்ஸ்தான். கூப்பிட்டு ஒரு வேளை போட்டால் அவருக்கும் சந்தோஷம், அவளுக்கும் ஊர்ப்பக்கத்து மனிதரைப் பார்த்த சந்தோஷம், தனக்கும் ஷிப்ட் இன்சார்ஜ் வேலை கிடைக்க ஒரு வழி. தேதியைக்கூட அவனே தேர்ந்தெடுத்தான். 'மேரி அன்னைக்கு எப்படியும் பான்சிட் செய்வா.'

எதற்காகச் செய்கிறாள் என்பதுதான் அவனுக்கு நினைவில் வரவில்லை. துபாயில் அவன் கிடங்கு வேலையிலும் அவள் கிளினிக்கிலும் இருந்த காலத்தில், அதே பான்சிட்டைத் தின்றபடிதான் அவள் நாட்டுச் சுதந்திரக் கதையை முதன்முதலாகக் கேட்டான். அன்று அவள் கண்ணைப் பார்த்தானே தவிர, கதையைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"உங்க ஊரு பக்கந்தானே அவரும்..." என்று இழுத்தான்.

"பக்கந்தான். அதான் கஷ்டமே! போன வாரம் எங்க அண்ணன் போன் பண்ணானே, நீ டி.வி. பாத்துக்கினு 'உம்' போட்டியே, அவன் இன்னா சொன்னான்?"

கட்டிலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சுந்தராம்பாள் நிமிர்ந்தாள்.

"இன்னாடி சொன்னான் உங்கண்ணன் ரோடெல்லு?"

"எங்கப்பா மீன் புடிச்ச எடத்துக்கே இப்ப அவன் போவ முடியல அத்தை. சைனாக் கப்பல் குறுக்க நிக்குது. மீறிப் போனான்னு கப்பல்லேர்ந்து தண்ணியப் பீச்சியடிச்சு போட்டையே ஒடச்சிட்டாங்க. அது எங்க கடலு. எங்க ஊரு கரை மாசின்லோக்லேர்ந்து கெளம்புனா ஒரு நாளுக்குள்ள போய்டலாம். அவங்க ஊர் எங்கயோ கீது."

"கோர்ட்டுக்குப் போவலியா?"

"போனோம். தீர்ப்பு எங்க பக்கம். அவங்க ஒத்துக்கல."

சுந்தராம்பாள் பூண்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். பக்கத்து வீட்டுக் கோதண்டம் பாத்ரூம் சுவரை அவள் மனையில் ஏற்றிக் கட்டி, தாலுகா சர்வேயர் அளந்து கல் போட்ட பிறகும் இடிக்காமல் இருக்கிறான். அவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"அடப்பாவி! கோதண்டம் அங்கயும் கீறானா? டேய் பரசு, அந்தக் கொடிய எடுத்து மாட்டு."

"அம்மா, நீ வேற! இன்சார்ஜ் போஸ்ட்டு..."

"அவ வூட்ல அவ கொடி. ஏன், கோதண்டம் சொன்னா வாசக்கோலத்தயும் அழிச்சிடுவியா?"

வாசலில் கார் சத்தம் கேட்டது. பரசுராமன் "இந்தப் பொம்பளைங்களோட..." என்று முணுமுணுத்தபடி பீரோவுக்கு ஓடினான். அவசரத்தில் கொடியை ஆணிகளில் இழுத்து மாட்டிவிட்டு, வேர்வையோடு திரும்பினான். "போதுமா?"

மேரிவிக் பார்த்தாள். கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"செவப்ப மேல போட்டுட்ட."

"அதுக்கின்னா இப்ப?"

"நீலம் மேல இருந்தா அமைதி. செவப்பு மேல வந்தா எங்க நாடு யுத்தத்துல கீதுன்னு அர்த்தம். சட்டத்துலயே கீது."

பரசுராமனின் முகம் வெளுத்தது. கொடியை நோக்கிப் பாய்ந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு. இப்ப எனக்கு இதான் சரியா கீது."

புருஷோத்தமன் முதலில் நுழைந்தார். சுவரைப் பார்த்தார், பரசுராமனைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். லின் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, சுந்தராம்பாளுக்குக் கும்பிடு போட்டார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். அது மேரிவிக்குக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. கெட்டவனாக இருந்தால் பான்சிட்டில் உப்பையாவது கூட்டியிருக்கலாம்.

லின் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில், சுவரைக் காட்டி, அது அவள் நாட்டுக் கொடியா என்று கேட்டார்.

"இன்று எங்கள் சுதந்திர தினம்" என்றாள் அவளும் ஆங்கிலத்தில். லின் எழுந்து வாழ்த்துச் சொன்னார். குடும்பம் அங்கே என்ன செய்கிறது என்று கேட்டார்.

"அண்ணன் மீன் பிடிக்கிறான்" என்று அவள் தொடங்கியதும் புருஷோத்தமன் குறுக்கே விழுந்தார். "சார், மோர்க்குழம்பு டேஸ்ட் பண்ணுங்க! பரசு, போடுப்பா!"

கரண்டியோடு நின்ற பரசுராமன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து மூடிக்கொள்ள அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது என்பது அவனுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டிலேயே.

கரண்டியைக் குழம்பில் போட்டான்.

"சார், அவங்க பேசிக்கினு இருக்காங்க" என்றான் புருஷோத்தமனிடம். பிறகு லின்னைப் பார்த்து, உடைந்த ஆங்கிலத்தில் அவனே சொன்னான். இவள் அண்ணன் படகு. உங்கள் நாட்டுக் கப்பல். தண்ணீர் அடித்தார்கள். படகு உடைந்துவிட்டது. அது அவர்கள் கடல்.

லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தான் எந்திரம் மாட்டுகிறவன் மட்டுமே, கடலைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் வேறு என்றார். பிறகு, "உங்கள் அண்ணனுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன்" என்றார். மேரிவிக் தலையசைத்தாள். அது போதாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. மோர்க்குழம்பை அவளே ஊற்றினாள்.

புறப்படும்போது புருஷோத்தமன் வாசல் கேட்டருகே நின்று, பரசுராமனிடம் "நாளைக்குக் காலைல என்னை வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பரசுராமன் உள்ளே வந்தபோது மேரிவிக் ஸ்டூலில் ஏறி, கொடியைக் கழற்றி நீலத்தை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"அந்த மூலையப் புடிங்க."

'ங்க' வந்துவிட்டது. அவன் மூலையைப் பிடித்தான்.

"இன்சார்ஜ் போஸ்ட்டு போச்சு. இனிமே ஆயுசுக்கும் நைட் ஷிப்ட்தான்."

"நாளைக்கு நானும் வரட்டுமா? புருஷோத்தமன் சாருக்கு முதல்லேர்ந்து சொல்றேன். எங்க நாட்டப் புடிச்ச ஸ்பெயின்காரன், அமெரிக்காக்காரன், அப்புறம்..."

"தாயே, நீ வராத!"

"நான் வரேன்டா" என்றாள் சுந்தராம்பாள் கட்டிலிலிருந்து. "சர்வே கல்லுப் பேப்பரையும் எடுத்துக்கறேன்."